மூன்று வெறுஞ்செடிகள்

1

இந்தக் கதை ஒரு நகவெட்டியிலிருந்து பிறந்தது. மனைவி இறந்த பிறகு அவள் மேசை இழுப்பறையில் கிடைத்தது. அவள் அதில் நகம் வெட்டியதில்லை. அசகாவோ என்ற விடியல்பூக் கொடியின் விதைக்குள்ள கறுப்புத் தோலில் ஒரு மூலையைக் கிள்ளுவதற்கென்றே வைத்திருந்தாள். கிள்ளாவிட்டால் ஈரம் உள்ளே போகாது. விதை மண்ணுக்குள் கல்லாகக் கிடக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பிள்ளை ஏன் பெற்றோரைப் போல இருக்கிறது என்று மனிதன் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து" — வேண்டாம். இது பல்கலைக்கழக ஆண்டுமலரின் முதல் பக்கம். இந்த மாதிரி வரிகளுக்கு வாழ்நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவன் நான்; என் கையாலேயே ஒன்றைச் சேர்க்க மாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அன்று நான் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது" — இங்கே கை நின்றுவிட்டது. ‘நான்’ என்று போட்டால் அடுத்த சொல் வர மறுக்கிறது. ஆகவே அவருக்குத் தொகுஜி என்று பெயர் வைத்துவிடுகிறேன். ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மிசாவோ. மகள் கயோ. இவ்வளவு பேர் போதும்.

(இன்னொருவனும் உண்டு. அவனை எந்த இடத்தில் சொல்வது என்று தெரியாமல்தான் இரண்டு தொடக்கங்கள் வீணாயின.)

2

மிசாவோ தொகுஜிக்கு மாமன் மகள். அந்தக் காலத்தில் அது யாரும் புருவம் உயர்த்தாத சம்பந்தம். உங்கள் பக்கத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். அவள் பல்கலைக்கழகத் தோட்டத்தில் செடிகளைக் கலப்பினம் செய்யும் வேலையில் இருந்தாள். கட்டுரைகளின் மெய்ப்பு அச்சகத்திலிருந்து அவளுடைய பிரிவுக்குப் போகும். அவளே திருத்தி, அவளே ஓரத்தில் அவருக்குக் கிண்டல் எழுதி அனுப்புவாள்.

முதல் பிள்ளை இசாமு. மூன்று வயதைத் தாண்டவில்லை. உணவிலுள்ள ஒரு பொருளை அவன் உடம்புக்கு உடைக்கத் தெரியவில்லை. பெயர் வைத்த நோய்தான். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.*

* கதைக்குத் தேவையானது இவ்வளவுதான்: தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் லண்டனில் ஒரு மருத்துவர், பிறந்ததிலிருந்தே சிறுநீர் கறுக்கும் சில குழந்தைகளைப் பார்த்தார். அவர்களில் பலருடைய பெற்றோர் ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்கள் என்பதையும் கவனித்தார். பட்டாணிச் செடிகளை எண்ணிய பாதிரியாரின் கணக்கு மனித உடம்பிலும் நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பெற்றோர் இருவரும் பார்வைக்கு நலமாக இருப்பார்கள். இருவரிடமும் ஒரே குறை மறைந்திருக்கும். நான்கில் ஒரு பிள்ளைக்கு அது இரண்டு பக்கமிருந்தும் சேரும்.

இதைப் பற்றிய ஒரு கட்டுரைக்கும் தொகுஜி மெய்ப்புப் பார்த்திருக்கிறார். அப்போது இசாமு பிறக்கவில்லை. எழுத்து ஒன்று விட்டுப்போயிருந்ததைத் திருத்தியதாக ஞாபகம்.

கயோ, இசாமு போன பிறகு பிறந்தவள். அவள் நலமாக இருக்கிறாள்.

3

இப்போது பூ.

மிசாவோ வீட்டுக் கொல்லையில் ஒரு அசகாவோ வகையை வளர்த்தாள். தானாகவே முளைத்து அவள் கண்டெடுத்தது; பல்கலைக்கழகத்தில்கூட இல்லை. இதழ் குழலாகிக் கிழிந்து, நுனி பின்னால் மடங்கி, சிங்கத்தின் பிடரி மாதிரி தொங்கும். விடியலில் அதைப் பார்க்கத் தெருக்காரர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வருவார்கள். ஆனால் அந்தப் பிடரிப்பூ விதை கட்டாது. அழகெல்லாம் அதோடு முடிந்தது.

அப்படியானால் வருடாவருடம் அது எங்கிருந்து வருகிறது? அதன் உடன்பிறப்புகளிடமிருந்து. ஒரே காயில் பிறந்து, சாதாரண நீலப் பூ பூக்கும் வெறுஞ்செடிகளிடமிருந்து. அவற்றில் சில பிடரியை மறைத்து வைத்திருக்கும். எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் விதையை அடுத்த வருடம் விதைத்துப் பார்த்தால்தான் தெரியும். டோக்கியோ எடோவாக இருந்த காலத்து ஆட்கள் இதைப் பாதிரியாரின் பட்டாணிக்கு முன்னாலேயே செய்துவந்தார்கள். விதி தெரியாது, கணக்குத் தெரியாது. வெறுஞ்செடியை எறியக் கூடாது என்பது மட்டும் தெரியும். பின்னால் உலகம் பாதிரியாரைக் கண்டுபிடித்தது, இந்த நாட்டுப் பட்டுப்பூச்சியில் அவர் கணக்கைச் சரிபார்த்தது, மரபுப்பொருள் முறுக்கிய ஏணி என்று கண்டது, மக்காச்சோளத்தில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுவைக் கண்டது, அதே தாவலை அண்மையில் அசகாவோவிலும் கண்டது. இத்தனையும் கட்டுரைகளாகத் தொகுஜியின் மேசை வழியாகத்தான் போயின. கொல்லையில் மட்டும் எதுவும் மாறவில்லை.

மிசாவோ வெறுஞ்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்வாள்:

"அழகா இருக்கறதுக்கு வம்சம் கிடையாது அப்பா. நம்மள மாதிரி மூஞ்சிங்கதான் வம்சத்தைத் தூக்கிச் சுமக்கணும்."

(இசாமு பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். அவன் போன பிறகும் மாற்றவில்லை.)

4

மிசாவோ பிப்ரவரியில் இறந்தாள். அவள் விட்டுப்போன விதை ஒரு கைப்பிடிகூட இல்லை. மே மாதம் தொகுஜி எல்லாவற்றையும் கிள்ளி விதைத்தார். கொஞ்சம் மீதி வைத்திருக்கலாம். நான்கில் ஒன்றுதான் பிடரி என்னும்போது, குறைவாக விதைத்தால் ஒன்றுமே வராமல் போகுமோ என்று பயந்தார்.

கயோ ஒசாகாவிலிருந்து வந்திருந்தாள். அடுத்த வசந்தத்தில் அவளுக்குத் திருமணம். இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள் ஆகஸ்டில். மிசாவோவுக்கு இது முதல் வருகை. அம்மா வரும் காலையில், இறந்தவர்களின் படம் வைத்த மாடத்தில் அம்மாவின் பூ நிற்க வேண்டும் என்பது கயோவின் ஆசை.

தொகுஜி கண் மருத்துவரிடம் போயிருந்த நேரம். நாற்றுத் தட்டில் முளையிலைகள் விரிந்திருந்தன. பிடரிக்காரர்களை அப்போதே அடையாளம் தெரியும். முளையிலை ஒடுங்கிச் சுருண்டிருக்கும். தட்டு நெரிசலாக இருந்ததால் கயோ சுருண்டவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தொட்டிக்கு மாற்றினாள். மீதியைப் பிடுங்கி, உரக்குழியில் போட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

திரும்பி வந்தவர் கவிழ்ந்த தட்டைப் பார்த்தார். கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்தில் எல்லாம் மங்கலாகத் தெரிய, உரக்குழி ஓரம் மண்டியிட்டு விரலால் துழாவினார். வெயிலில் நாற்றுகள் துவண்டிருந்தன. கயோ பின்னால் வந்து நின்றாள். என்ன செய்துவிட்டோம் என்று அவர் முதுகைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவர் விஷயத்தைச் சொன்னார். சத்தம் போடவில்லை. அவள் கேட்டாள்:

"வெறுஞ்செடியை வெச்சுக்கணும்னு இந்த வீட்டுல யாரு எனக்குச் சொன்னீங்க?"

"அம்மா சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"அம்மா அண்ணனைப் பத்தியே சொன்னதில்லை. மாடத்துல அந்த போட்டோ யாருன்னு பெரியம்மாகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நான் பொறந்ததுலேருந்து ரெண்டு பேரும் அந்த போட்டோவத்தானே பாத்துட்டு இருந்தீங்க. நானும் வெறுஞ்செடிதானேப்பா" என்றாள்.

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன்.

5

இதுவரை உள்ளதைக் கயோ படித்தாள். ‘அழுதாள்’ என்பதன் மேல் பென்சிலால் கோடு போட்டாள்.

"நான் அழவே இல்லை. அழுதது நீங்க. மருந்து விட்டதாலன்னு சொன்னீங்க."

அது கதைக்குச் சரிவராது என்றேன்.

"மெய்ப்புக்காரர் பொய்யை விட்டுவைக்கலாமா?"

ஆகவே திருத்தம்: தொகுஜி அழுதார்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். கதையில் எழுத வேண்டாம் என்று சொல்லாததால் எழுதுகிறேன். இப்போது இரத்தத்தைச் சோதித்தால் அவளிடம் அண்ணனின் குறை மறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். நோய் வராத உடன்பிறப்பு என்பதால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. வெறுஞ்செடிக்கும் அதே கணக்குதான். மாப்பிள்ளை உறவில்லை, ஆகவே பெரிய பயமில்லை என்கிறார் மருத்துவர். பயத்துக்காக அவள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

"எங்கிட்ட இருந்தா," என்றாள், "அண்ணன்கிட்ட இருந்ததுல பாதி எங்கிட்டயும் இருக்குன்னுதானே அர்த்தம்?"

தொகுஜி என்ன பதில் சொன்னார்? இங்கே ஒரு பதில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி — "உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள்" — அடித்துவிட்டேன். உண்மையில் அவர் எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவளும் இன்னொரு குவளையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

6

உரக்குழியிலிருந்து எடுத்தவற்றில் மூன்று பிழைத்தன. முடிவுக்கு வழிகள்:

முதல் வழி. மூன்றும் பிடரியைச் சுமக்கின்றன. அடுத்த மே மாதம் தட்டில் சுருண்ட இலைகள். வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது. ஒன்றிலும் இல்லை. இருபத்தேழில் ஒரு பங்கு வாய்ப்புதான், ஆனால் கதைகளுக்கு இந்தப் பங்கின் மேல் ஒரு தனி ஆசை. மிசாவோ இதைப் படித்தால் ஓரத்தில் "மலிவான சோகம்" என்று எழுதுவாள்.

மூன்றாவது. கயோவின் சோதனை முடிவு வரும் அதே காலையில் — இல்லை. இதை எழுதவே மாட்டேன்.

நடந்தது மட்டும்: ஆகஸ்டில் மாடத்தில் பிடரிப்பூ நின்றது. மிசாவோ வந்திருந்தால் பார்த்திருப்பாள். அதன் பக்கத்தில் கயோ தானாகவே ஒரு சாதாரண நீலப் பூவையும் வைத்தாள். அதை இசாமுவின் படத்துக்கு முன்னால் வைத்தாளா, அம்மாவின் படத்துக்கு முன்னாலா என்று கேட்டேன். "நடுவுல" என்றாள். வெயில் ஏறியதும் இரண்டும் ஒன்றுபோலத்தான் சுருங்கின.

இலையுதிர்காலத்தில் மூன்று கொடிகளும் காய்த்தன. விதைகளைத் தனித்தனியாக மூன்று பொட்டலங்களில் கட்டினேன். கயோ ஊருக்குக் கிளம்பும்போது அவற்றை எடுத்துப்போகட்டுமா என்று கேட்டாள். புது வீட்டு மாடியில் வெயில் நன்றாக விழுமாம். சோதனைக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. போகிறேன், போகவில்லை என்று அவளும் சொல்லவில்லை.

"சுருண்டது ஒண்ணும் வரலேன்னா?" என்றேன் வாசலில்.

"வந்தது எதுவோ, அது வளரட்டும்."

அவள் போன பிறகு இழுப்பறையைத் திறந்தேன். நகவெட்டி இல்லை. இந்தக் கதை பிறந்த பொருள் இப்போது ஒசாகாவில் இருக்கிறது. முடிவும் அதனோடு போய்விட்டது. மே மாதம் வரை நீங்களும் நானும் பொறுத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் உங்கள் கையில் ஒரு நாற்றுத் தட்டு வந்து சேர்ந்தால், பிடுங்கும் முன்னால் —