இரண்டு பேருக்கு வைத்த கேம்பர்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அதன் இடது சீட்டில் ஓர் உப்பு மூட்டை, அந்த மூட்டைக்கு சீட் பெல்ட். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் வாசலில் வந்து நிற்கக்கூடாது.

2006, சித்திரை வெயில். நான் பாண்டிக்குப் போய்க்கொண்டிருந்த பஸ் மரக்காணம் தாண்டி டயர் வெடித்து ஈசிஆர் ஓரத்தில் நின்றுவிட்டது. இறங்கி நிழல் தேடினால், எதிர்ப் பெட்டிக்கடை முன்னால் அந்தக் கார். பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்குள் வேட்டி கட்டிய ஒருவர் சோடா குடித்து முடித்து வந்தார். உட்கார்ந்தார். மூட்டையின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். போய்விட்டார்.

இன்னொன்றும் பார்த்தேன். மூட்டையின் வாயைச் சணலால் கட்டவில்லை. பெண்கள் தலையில் கட்டும் பச்சை ரிப்பன். உப்பு மூட்டைக்கு ரிப்பன் கட்டுகிற வீட்டைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "மரக்காணத்து உப்பளங்களின் மேல் நிலவு..."

(அடித்துவிட்டேன். நிலவையும் உப்பையும் சேர்த்துக் கட்டாதவன் எவன் இருக்கிறான்?)

இரண்டாம் தொடக்கம்: "சக்கரத்தின் நடுத்தளத்துக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணமே..."

(இது பாலிடெக்னிக் பாடம். இதையும் அடித்தாயிற்று. ஆனால் விஷயம் வேண்டும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஒரு காரை முன்னாலிருந்து பாருங்கள். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் டயரின் உள் ஓரம் தேயும். வெளியே சாய்ந்திருந்தால் வெளி ஓரம். அந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், சாய்வும் கொஞ்சம் மாறும். அதனால் தரையோடு தரையாக ஓடுகிற இந்த மாதிரிச் சின்னக் காருக்கு, வழக்கமாக உட்காருகிறவர்களையே உட்காரவைத்துக் கேம்பர் வைப்பதுண்டு. ஆள் இல்லையென்றால் அதே எடைக்கு ஒரு மூட்டை.

(இன்ஜினியர் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு ஆள் எடை இவ்வளவு செய்யுமா என்பார்கள். பழைய கார், ஸ்பிரிங் தளர்ந்துபோனது, எழுதுகிறவன் நான். விட்டுவிடுங்கள்.)

3

மெக்கானிக்காக முதலில் அந்தோணிராஜ் என்று ஒருவரை எழுதினேன். இரண்டாவது பக்கத்திலேயே ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

அவர் இடத்துக்கு லூர்துமேரி வந்தார். மரக்காணத்தில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவர். அந்த ஊரில் ஒரு பெண்ணா, நம்பும்படி இல்லையே என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். உப்பளத்தில் நாளெல்லாம் உப்புக்கூடை சுமக்கிறவர்கள் யார் என்று கேட்டேன்.

காருக்குச் சொந்தக்காரர் சிவஞானம். உப்பளம் வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். குவியலைக் கண்ணால் பார்த்தே எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவார். இந்த வயசில் இந்த ஆளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கேடா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆனால் ஆசை அவருடையதல்ல, அவர் மனைவி பாக்கியலட்சுமியுடையது.

கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாளுக்குக் கூட்டுக்குடும்பம். பஸ்ஸில் போனாலும் வேனில் போனாலும் மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு நாத்தனார். பாண்டியில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்புகிறபோது அந்தக் காரை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். பாக்கியலட்சுமி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னது இதுதான்:

"ரெண்டே சீட்டுதாங்க. வேற யாரையும் ஏத்த முடியாது."

வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் போய்த் திரும்புவார்கள். காற்றுக்கு முடி பறக்காமல் பச்சை ரிப்பனால் கட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, இன்னும் கொஞ்சம் என்று அந்த அம்மாள் விரட்டுவார். லூர்துமேரி இருவரையும் காரில் உட்காரவைத்துத்தான் கேம்பர் வைத்துக்கொடுத்தார். அன்றைக்கு எடையைக் கேட்டபோது பாக்கியலட்சுமி லூர்துமேரியின் காதில் மட்டும் சொன்னார். இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பு சிவஞானத்துக்கு இன்னும் நினைவிருக்கிறது.

4

2004 டிசம்பர், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஒரு

(இந்த வாக்கியத்தை ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. கடலை அலங்காரமாக எழுதுகிற கை அந்த இடத்தில் கூசுகிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

வழக்கம்போல இரண்டு பேரும் கீழ்புத்துப்பட்டுக் கரையில் இறங்கியிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலை எடுக்க சிவஞானம் காருக்குத் திரும்பினார். தண்ணீர் வந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்த மாரியம்மாள் என்ற பெண், பாக்கியலட்சுமியின் முதுகில் கைவைத்து மேட்டின் மேல் தள்ளிவிட்டார். மாரியம்மாள் மேடேறவில்லை.

அதன் பிறகு பாக்கியலட்சுமி அந்தக் காரில் உட்காரவில்லை. சென்னைக்குப் போவதென்றாலும் கடலோரச் சாலையை விட்டுத் திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் போனார். சிவஞானம் ஒரே ஒரு முறைதான் வற்புறுத்திக் கூப்பிட்டார்.

"அவ மேல வரலைங்க. நான் மட்டும் கார்ல உக்காந்து காத்து வாங்கணுமா?"



5

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். நிறுத்திவிட்டால் நின்றே போய்விடும் என்ற பயம். காரைப் பற்றிய பயமில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆறேழு மாதத்தில் இடது பக்க டயர்களின் வெளி ஓரம் மழமழவென்று ஆகிவிட்டது. லூர்துமேரி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மா இப்பல்லாம் வர்றதில்லைங்களா ஐயா?"

அவர் நடந்ததைச் சொன்னார். இது இரண்டு பேருக்கு வைத்தது, ஒருவர் மட்டும் ஓட்டினால் இப்படித்தான் தேயும், ஒரு ஆளுக்கு மாற்றிவிட்டால் புது டயராவது நிற்கும் என்று லூர்துமேரி தயங்கித் தயங்கிச் சொன்னார். சிவஞானம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"வேணாம்மா. மாத்திட்டா அது அவ இல்லாத காராயிடும்."

அப்படியானால் அம்மா எடைக்கு ஏதாவது வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் என்றார் லூர்துமேரி. உப்பளக்காரரிடம் எடைக்கு வைக்க என்ன இருக்கும்? கண்ணளவிலேயே மூட்டையைக் கட்டி, கார் துருப்பிடிக்காமல் கீழே தார்ப்பாய் விரித்து, பெல்ட்டும் போட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை கூனிமேடு வரைக்கும் வாய் பேசாமல் போனார். அடுத்த வாரம் மழையைப் பற்றி மூட்டையிடம் லேசாகக் குறைபட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஊர்க்கதை முழுக்கப் பேசத் தொடங்கிவிட்டார்.

(அழாதீர்கள். நானே எழுதும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பாதி வரைக்கும்.)

6

பாக்கியலட்சுமி ஒரு நாள் மூட்டையைப் பார்த்துவிட்டார். பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குக் கதையில்லை.

முதல் பிரதியில் அவர் கத்தினார். பொய்யாக இருந்தது. இரண்டாம் பிரதியில் கட்டிப்பிடித்து அழுதார். அது எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாவது தடவை நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி உலர்த்த வந்தவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். சிவஞானம் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் போல நின்று, டயர், கேம்பர், லூர்துமேரி என்று ஏதேதோ உளறினார். பாக்கியலட்சுமி கதவைத் திறந்தார். மூட்டையை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்கினார்.

"நான் இப்போ இவ்ளோ இல்லைங்க. கொஞ்சம் எடுத்துடுங்க."

சிவஞானம் அப்போதுதான் மனைவியைப் பார்த்தார். ஜாக்கெட் தோளில் தொங்கியது. மணிக்கட்டில் வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. உப்பை ஒரு பார்வையில் எடை போடுகிறவர், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறார். அவர் அழுதார். நான் மறைக்கப் போவதில்லை, சத்தமாகவே அழுதார்.

பாக்கியலட்சுமி உள்ளே போய் அரிசி அளக்கிற படியை எடுத்துவந்தார். தன் கையாலேயே உப்பை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். போதும் என்று தோன்றியதும் நிறுத்தினார். பிறகு மறுபடி உள்ளே போய், அலமாரியிலிருந்து பச்சை ரிப்பனைக் கொண்டுவந்து மூட்டையின் வாயைக் கட்டினார்.

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரிப்பன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன், அதற்கு அர்த்தம் என்ன என்று தெரியவில்லை.

இனி இது எனக்கு வேண்டாம், மூட்டையே வைத்துக்கொள்ளட்டும் என்று கட்டினாரா? அப்படியானால் சிவஞானம் ஒரு நாள் லூர்துமேரியிடம் போய், ஒரு ஆளுக்கே மாற்றிவிடும்மா என்பார். அந்த முடிவை எழுதினேன். நல்ல முடிவுதான். கிழித்துவிட்டேன்.

நான் வருகிற வரைக்கும் என் இடத்தைப் பிடித்து வை என்று கட்டினாரா? அதையும் எழுதினேன். மூட்டையை இறக்கிவிட்டு அவரே உட்காருகிறார், கார் கிளம்புகிறது, மாரியம்மாள் நின்ற இடத்தில் நிறுத்தி இருவரும் இறங்குகிறார்கள். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. அவர் எப்போது வர வேண்டும் என்று சொல்ல நான் யார்?

போன வாரம் மறுபடி அதே பஸ். கூனிமேடு தாண்டியதும் எதிரே அந்தச் சிவப்புக் கார் வந்தது. நான் வலது பக்க ஜன்னல். என் பக்கம் தெரிந்தது அவர் மட்டும்தான். அவர் இடது பக்கம் லேசாகத் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார். மூட்டையிடமும் அவர் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும்.

எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சத்தியமாக எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கார் கடந்துபோன சத்தம் மட்டும் கேட்டது.

நீங்கள் ஈசிஆரில் போனால் இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், எதிரே வருகிற கார் தெரியாது. அவர் பக்கத்து சீட்டில் இருப்பது யார் என்று, எனக்குப் பதிலாக நீங்கள் பார்த்துவிடுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.