துரோகிக் கூண்டு

கல்யாணமாகித் தூரின் நகரத்தில் குடியேறிப் பதினோரு வருஷம் ஆகியும் தெல்பீனா கணவனின் ஊரைப் பார்த்ததில்லை. "அங்க என்ன இருக்கு? நாலு பக்கமும் மதிலு, நடுவுல நாலு ஆடு," என்று இலாரியோ தட்டிக் கழித்துவிடுவான். கல்யாணத்துக்கு முன்பே அம்மா செத்துப் போய்விட்டாள், அந்தக் கோட்டை ஊரை நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது என்பான். அவளும் அதற்கு மேல் கிளறவில்லை.

இந்த ஆகஸ்டில் அவனுடைய பால்ய சிநேகிதன் தார்சீசியோ போன் செய்தான். ஊரில் கசாப்புக் கடை வைத்திருப்பவன். முற்றுகைத் திருவிழாவுக்கு வந்தே தீரவேண்டும் என்றான். இலாரியோ சாக்குத் தேடுவதற்குள் பக்கத்தில் நின்ற தெல்பீனா போனுக்குள் கத்திவிட்டாள்: "கண்டிப்பா வர்றோம்ணே!"

அவன் ஊரான ரோக்காலுங்காவின் மதில் வாசலில் அவர்களை வரவேற்ற கூட்டம் இலாரியோவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டது. அவளுக்கு விரல் நுனியை நீட்டியது. மலைக்காரர்கள், கூச்சம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பழைய முற்றுகையில் எவனோ ஒருவன் மதிலின் சின்னத் திட்டிவாசலைத் திறந்து எதிரியை உள்ளே விட்டானாம். அவனை இரும்புக் கூண்டில் போட்டுக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அதன் நினைவாக வருஷம்தோறும் ஒருவனைக் கூண்டில் ஏற்றி, ஊரே அழுகல் தக்காளியால் அடிக்கும். வழக்கமாகச் சீட்டுக் குலுக்குவார்கள். இந்த வருஷம் குலுக்கவில்லை.

"நம்ம இலாரியோ இருக்கறப்ப சீட்டு எதுக்கு?" என்றான் தார்சீசியோ. ஊர் ஆரவாரித்தது. இலாரியோ சிரித்துக்கொண்டேதான் ஏறினான். கூண்டு ஆள் உயரத்துக்கு மேலே போய் நின்று ஆடியது.

"டேய், தூரின்காரத் துரை! அங்க தக்காளிய வெட்டித்தான் சாப்பிடுவீங்களாமே, இந்தா முழுசா!"

"அந்தக் கோட்டுச் சட்டையக் கழட்டி வைடா, பொண்டாட்டி திட்டப் போறா!"

தெல்பீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தக்காளிகள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் குரல்கள் மாறின.

"இது உங்கம்மாவுக்குடா!" என்று தார்சீசியோ வீசினான். "பிப்ரவரிப் பனியில சவப்பெட்டியத் தூக்க நாங்க வந்தோம். பெத்த புள்ள எங்கடா போன?"

கூண்டுக்குள் சிரிப்பு நின்றது. தெல்பீனா பக்கத்தில் நின்ற எர்சீலியாவைப் பார்த்தாள். இலாரியோ வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி, விதவை.

"யாரோட பெட்டி?"

"உன் மாமியாரோடதுதான். வேற யாரோடது?"

"அவங்க போய்த்தான் பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே?"

எர்சீலியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா நடிக்கிற தாயி. இந்த வருஷக் குளிர்லதான் போனா. சாகற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. 'உன் மருமக பொல்லாதவ, என்னை அங்க அனுப்ப மாட்டேங்கறா'ன்னு போன்ல இவன் அழுவானாம். அவளும் நம்பி, புள்ள பாவம்னு உனக்கும் சேத்து ஜெபம் பண்ணுவா."

தெல்பீனா காலடியிலிருந்த தக்காளிக் கூடைக்குள் கை விட்டாள். அகப்பட்டது கல் மாதிரிக் காய். இலாரியோவின் நெற்றியைக் குறி பார்த்தே எறிந்தாள்.

புருவம் கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று தார்சீசியோ கத்தினான். "அவன் எங்க ஊர்க்காரன். நாங்க அடிப்போம், அணைப்போம். நீ யாரு?"

"பெத்தவகிட்டேருந்து பிரிச்சது பத்தலையாக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் பிரிக்கல!" தெல்பீனா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அவங்க உயிரோட இருந்ததே எனக்குத் தெரியாது. செத்துட்டாங்கன்னு இவர்தான் சொன்னார். கேளுங்க, அவரையே கேளுங்க!"

கூண்டை இறக்கிக் கதவைத் திறந்தார்கள். எல்லா முகமும் இலாரியோ பக்கம் திரும்பியது. அவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தான். பிறகு ஊரைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அவன் கணக்குப் போட்டு முடித்துவிட்டதை அவள் கண்ணால் கண்டாள்.

"விடுங்கப்பா," என்றான் தழுதழுத்து. "அவ சுபாவமே அப்படித்தான். எனக்குப் பழகிப்போச்சு."

அவ்வளவுதான். சற்று முன் தாயைக் கைவிட்டவன் என்று அடித்தவர்களே அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். எர்சீலியா தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். சதுக்கத்தில் போட்டிருந்த நீள மேசையின் தலைப்பில் உட்கார வைத்து, சுட்ட பன்றிக்கறியும் ரொட்டியும் ஒயினும் எடுத்து வைத்தார்கள். தார்சீசியோ தன் கையாலேயே கறியை நறுக்கிக் கொடுத்தான். "எங்களையும் மன்னிச்சுக்கடா. நீ என்ன பாடுபட்டேன்னு இப்பத்தான புரியுது." இலாரியோ அழுதான். அழுதுகொண்டே சாப்பிட்டான்.

மேசையில் தெல்பீனாவுக்கு யாரும் இடம் விடவில்லை. அவள் நேராகப் போய் அவன் கோட்டுப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. "பாத்துப் போம்மா," என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி, அன்பாக.

"பாத்தீங்களா, காயம்பட்ட மனுஷன நடுத்தெருவுல விட்டுட்டுப் போறா," என்று எர்சீலியா சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பிப் போய் உட்காரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தாலும் பழிதான், போனாலும் பழிதான். அவள் மதில் வாசலைத் தாண்டி வண்டியைக் கிளப்பினாள்.