தொப்புள் மட்டும் பாக்கி

"மெல்ல, அக்கா! தோலை உரிச்சு உப்புக்கண்டம் போடப் போறியா?" என்று செமிசி கத்தினான்.

லோசா கையைத் தளர்த்தவில்லை. குழாயடியில் தம்பியை நிற்க வைத்துத் தொடையில் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே அழுத்தி இழுத்தாள். கறுப்பும் சிவப்புமாக நீர் வடிந்தது. அழுத்திக் கழுவாவிட்டால் சீழ் கட்டிவிடும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை, பதினோரு நாள் வேலை. தினமும் மூன்று முறை அவள்தான் கழுவுகிறாள். பச்சை ஆறும்வரை ஆளைத் தனியே விடக்கூடாது என்பது சவாயித் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் ஒன்றுக்குப் போனாலும் இவள் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி நிற்க வேண்டும். தம்பி என்று ஒருவன் வாய்த்தால் இதெல்லாம் உண்டு.

"நேத்தே போதும்னு சொன்னேன்ல," என்றான்.

"தொப்புள் மட்டும்தான்டா பாக்கி. அதோட முடிஞ்சுது."

"அப்பா கண்ணு முழிச்சாரா?"

"அவர் பக்கத்துல அம்மா இருக்காங்க."

அம்மா அப்போதுதான் வாழைமரத்தருகே வந்து நின்று கையசைத்தாள். லோசா தம்பியைப் பார்த்தபடியே நாலு அடி பின்னால் நகர்ந்தாள். அதற்கு மேல் போக முடியாது.

"அப்பா போயிட்டாரு," என்றாள் அம்மா தணிந்த குரலில். "இப்பதான். அவன்கிட்ட சொல்லாதே."

"அம்மா..."

"சொன்னா எழுந்து ஓடி வருவான். வந்தவன் திரும்பப் போய்ப் படுப்பானா? உங்கப்பாகூட 'இதோ வந்துடறேன்'னுதான் எழுந்து போனாரு."

அது நாற்பது வருடக் கதை. பச்சை குத்தத் தொடங்கிய ஐந்தாம் நாள் அப்பா வலி தாங்காமல் பாயை விட்டு எழுந்தார், திரும்பவில்லை. ஊர் அவருக்குப் 'பாதி' என்று பேர் வைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செத்த இந்தக் காலைவரைக்கும் அவர் 'பாதி'தான். கடலில் குளிக்கும்போதுகூட இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகமாட்டார். இன்று செமிசி எழுந்துவிட்டால் 'பாதி பெத்த பாதி' என்பார்கள். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதையும் விடமாட்டார்கள்.

"பச்சை குத்துற பெரியவருக்குத் தெரியுமா?"

"சாவு விழுந்த இடத்துல குத்துற சீப்பைத் தொடமாட்டேன்னாரு. 'எங்க வீட்டுக்காரர் பாதியில எழுந்து போனப்போ குத்தினது உங்க அப்பா கைதானே'ன்னு அவரையே கேட்டேன். மையைக் கலக்க உட்கார்ந்துட்டாரு."

அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது லோசாவுக்கு. அடுத்த வீடுதான். ஓலைத் தட்டிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். வேறு யாரையாவது காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனால் ஏன் என்று கேட்பான். அழுதாலும் கேட்பான். குழாயடிக்கே திரும்பி வந்தாள்.

"என்ன, திடீர்னு கை பஞ்சா இருக்கு?" என்றான் செமிசி.

"நீதானே மெல்லன்னு சொன்னே."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உடனே பலமாக அழுத்தினாள். இந்த முறை அவன் கத்தவில்லை.

பாயில் மல்லாந்து படுத்தான். இரண்டு பேர் வயிற்றுத் தோலை இழுத்துப் பிடித்தார்கள். பெரியவர் எலும்புச் சீப்பை மையில் தோய்த்து, தொப்புளருகே வைத்துக் கோலால் தட்டத் தொடங்கினார். வலி மறக்கப் பாடும் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும், அதனால் வழக்கத்தைவிட உரக்கப் பாடினார்கள். அத்தைக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. வாய் மட்டும் கேலிப்பாட்டைப் பாடியது.

"ஏன் இப்படிக் கத்துறாங்க?"

"கடைசி நாளாச்சே, சந்தோஷம்," என்றாள் லோசா, விசிறியபடி.

செமிசி கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைத் தேடிப் பிடித்தான். விரல் நொறுங்கிவிடும் போலிருந்தது. நேற்று நூறு தடவை 'போதும்' என்று அழுதவன் இன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது.

பெரியவர் சீப்பைக் கீழே வைத்தார். "எழுந்திரு. முழுசாச்சு."

"வாடா, முதல்ல கழுவிடலாம்," என்றாள் லோசா.

"அப்புறம்."

"ஈ மொய்க்கும்டா."

"அப்புறம்க்கா."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி அடுத்த வீட்டுக்கு நடந்தான். பாட்டு நின்றுவிட்டது. அம்மா தட்டியைத் தூக்கிப் பிடித்தாள். அப்பாவுக்குத் துணி போல மெல்லிய பாய் போர்த்தியிருந்தது, முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

செமிசி அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்றான். அக்காவின் தோளிலிருந்து கையை எடுத்தான். இடுப்புத் துணியை உயரத் தூக்கி இறுக்கிச் செருகினான். முன்பக்கம் காட்டிச் சற்று நேரம் நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பினான். விலா, முதுகு, தொடையின் பின்புறம், முழங்கால் மடிப்பு. தொப்புளிலிருந்து இறங்கிய இரத்தம் தரைப்பாயில் சொட்டியது, யாரும் துடைக்கப் போகவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அவன் இன்னொரு தடவை முதலிலிருந்து திரும்பத் தொடங்கினான்.