மாமியார் வீட்டுப் பதினெட்டு

அவசரம் என்ற சொல்லுக்கு என் தொழிலில் மானம் மரியாதை கிடையாது. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் அவசரம், மெயின் சுவிட்சைப் போட மறந்தாலும் அவசரம். "உசுரே போகுது, உடனே வாங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் அந்த உயிர் சோபாவில் கால் மேல் கால் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருக்கும். பதினேழு வருஷமாக ஏ.சி. மெக்கானிக்; இதற்கெல்லாம் நான் அசருகிற ஆள் இல்லை. ஒரே ஒரு போன் நம்பருக்குத்தான் பயப்படுவேன். அது என் மாமியாருடையது.

அன்று மதியம் இரண்டரைக்கு, ஒரு பல் டாக்டர் அறையில் ஏணி மேல் நின்றபோது அந்த நம்பர் அடித்தது.

"மாப்பிள்ளை, மறுபடியும் படுத்துடுச்சு. காத்து வருது, குளிரலை. இந்த மாசத்துல இது மூணாவது தடவை."

"இதோ வரேன் அத்தை."

"நீங்க வந்தா ஓடுது, நீங்க தெருமுனை தாண்டினதும் படுத்துக்குது. இன்னைக்குச் சரியாகலேன்னா நாளைக்குச் சீட்டிக்காரரைக் கூப்பிட்டுடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

சீட்டிக்காரன் எனக்குப் போட்டி. வேலை முடிகிறவரை சீட்டியடித்தே உயிரை வாங்குவான். மாமியார் தெருவில் ஒன்பது வீடு என் கையில் இருக்கிறது. சொந்த மாமியாரே அவனை உள்ளே விட்டால் மற்ற எட்டு வீட்டிலும் என் பேர் நாறிவிடும். அரைமணியில் வருகிறேன் என்று டாக்டரிடம் கூசாமல் புளுகிவிட்டுப் பையைத் தூக்கினேன்.

ஹாலில் மாமியார் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். மூலை நாற்காலியில் மாமனார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மனுஷன் ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் பேச்சுக்கு முப்பத்தெட்டு வருஷமாக மறுபேச்சு பேசாதவர். "வாங்க மாப்பிள்ளை" என்றதோடு சரி.

வெளி யூனிட் பின்சுவரில் இருக்கிறது. மூடியைக் கழற்றினால், போன இரண்டு தடவையும் கழன்றிருந்த அதே ஒயர் தொங்குகிறது. முதல் தடவை அதிர்வில் கழன்றது என்றேன். இரண்டாவது தடவை பழியை எலி மேல் போட்டு மாமியாரை எலிப்பொறி வாங்க வைத்தேன்.

அப்போதுதான் கையிலிருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தேன். நாலு இருந்தது. அந்த மூடிக்கு நாலுதான். ஆனால் எங்கள் தொழிலில் எவனும் நாலு மாட்டமாட்டான். மூன்றை முடுக்கிவிட்டு நாலாவதைப் பையில் போட்டுக்கொள்வான். நானும் அந்த ஜாதிதான். எலி ஒயரைக் கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். குறைந்த ஸ்க்ரூவைத் தேடிப்பிடித்து மாட்டாது.

திரும்பினேன். மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"மெயினை அணைச்சுட்டுத்தான் கழட்டினேன் மாப்பிள்ளை. ஒரு ஸ்க்ரூ குறைஞ்சுது, அதையும் போட்டுட்டேன்."

எனக்குச் சுரீர் என்றது. "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே மாமா! ஏன்?"

"பதினெட்டுல வைக்கிறா. காலையில இருந்து பதினெட்டு. முட்டி ரெண்டும் மரத்துப் போகுது. போய் பாத்ரூம்ல உக்காந்துக்கறேன், அங்கதான் கதகதப்பா இருக்கு."

"அத்தைகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தா." அவர் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்காதே. "எங்க வீட்லயும் பதினெட்டுதான் மாமா. உங்க பொண்ணு முதல்ல குளிருது குளிருதுன்னு கத்தினா. இப்ப மூணு வருஷமா மூச்சு விடறதில்லை. எல்லாம் பழகிடும்" என்றேன். அவர் என்னவோ சொல்ல வந்து இருமிக்கொண்டார்.

இவரைக் காட்டிக்கொடுத்தால் என் பேர் பிழைக்கும், இவர் கதை கந்தல். விட்டுவிட்டால் நாளைக்குச் சீட்டிச் சத்தம். யோசித்தேன். உள் மிஷினுக்குள் பென்சில் முனை அளவு ஒரு சென்சார் இருக்கிறது. அறையில் எவ்வளவு சூடு என்று மிஷினிடம் கோள் சொல்வது அதுதான். அதைக் குளிர்ந்த குழாயோடு சேர்த்துக் கட்டினால், அறையே ஐஸாகிவிட்டது என்று மிஷின் நம்பி ஓய்ந்துவிடும். முகப்பில் மட்டும் பதினெட்டு ஜம்மென்று எரியும். பல வீட்டில் இது தவறுதலாக நடந்து புகார் வரும்; நான் கண்டுபிடித்துவிட்டு, சாப்பிடும்போது மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். இப்போது வேண்டுமென்றே கட்டினேன்.

ஒயரையும் மாட்டி ஓடவிட்டேன். மாமியார் கீழே நின்று பதினெட்டை உற்றுப் பார்த்தார். பத்தே நிமிஷம்.

"அடேயப்பா! இதுதான் ஏ.சி.! உடம்பே சிலிர்க்குது மாப்பிள்ளை" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு என் புகழ் பாடினார். மூலையில் மாமனார் சத்தமில்லாமல் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தார்.

டாக்டர் வேலையையும் முடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏ.சி.க்குக் கீழே நின்றேன். முகப்பில் பதினெட்டு. கழுத்தில் வேர்வை. மூன்று வருஷமாக இப்படித்தான். வெயிலில் அலைந்த உடம்பு, ஆற நேரமாகும் என்று நினைத்துக்கொள்வேன். சொந்த வீட்டு மிஷினை எந்த மெக்கானிக் திறந்து பார்க்கிறான்? ஃபில்டர் கழுவுவதுகூட மனைவிதான்.

திடீரென்று பொறி தட்டியது. ஸ்டூலைப் போட்டு ஏறி மூடியைத் திறந்தேன்.

சென்சார் குழாயோடு அழகாகக் கட்டியிருந்தது. என் மனைவியின் நீல ஹேர்பேண்டால்.

"அப்பா போன் பண்ணினார்" என்று பின்னாலிருந்து அவள் குரல். "நல்லா வேலை செஞ்சீங்களாம்."

"அடிப்பாவி! இதை உங்கப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல?"

"சொன்னேன். ஸ்டூல் ஏற முட்டி ஒத்துழைக்கலையாம். அதான் வெளியில இருக்கிற ஒயரைக் கழட்டச் சொன்னேன். நீங்க வந்து பாத்துக்குவீங்கன்னு தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குளிரைக் குறைச்சிருப்பேனே!"

"சொன்னேங்க. ஸ்வெட்டர் போட்டுக்கன்னீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஹேர்பேண்டை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன். ரிமோட்டை எடுத்து இருபத்தாறில் வைத்துவிட்டு மூடியை மாட்டினேன்.

அவள் கூந்தலை முடிந்துகொண்டே அண்ணாந்து பார்த்தாள். "அந்த நாலாவது ஸ்க்ரூவையும் போடுங்க" என்றாள்.