பாதையின் கடைசி வளைவு

"பாதைக் கதவுச் சாவியைக் குடு."

"குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல அண்ணி. அன்னம் அடை..."

"அடைகாக்குது, அடைகாக்குது! நாலு நாளா இதே பாட்டு. உங்கண்ணன் போய் இன்னையோட வருஷம் முடியுது..."

"ஒரு வாரம் பொறுங்க, குஞ்சு பொரிச்சிடும்."

"வருஷத்து பாத்திஹாவை முன்னாடி ஓதலாம், ஒரு நாள் தள்ளி ஓதக்கூடாது. தெரியாத மாதிரி பேசறியே, சின்ன மிர்ஸா!"

அக்மாரல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்திரண்டு வருஷம். புருஷன் வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. தானாக ஒரு பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அன்று மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஏழு வயதுக் கொழுந்தனுக்கு அவள் வைத்த பெயர் சின்ன மிர்ஸா, குட்டிப் பிரபு. இப்போது அவன் ஏரிக் காவல்காரன். பச்சைச் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து. பெயர் மட்டும் மாறவில்லை.

அவள் கையில் துணி மூட்டை இருந்தது. போனவர் பேரில் விடியலில் எண்ணெய் காய வைத்துப் பொரித்த ஏழு ரொட்டிகள், இன்னும் சூடு ஆறவில்லை.

"கபர்ல ஓதிட்டுத்தான் வரேன். ஆனா உங்கண்ணன் மூச்சு போனது ஏரியிலதானே? அங்க ஒரு வார்த்தை ஓத வேண்டாமா?"

நாணல் காட்டுக்குள் பறவை பார்க்கும் மேடை வரை போகும் அந்தப் பலகைப் பாதை அவள் புருஷன் பெய்சென் போட்டது. படி கிடையாது, மேடு கிடையாது. முழங்கால் வலிக்காரர்களும் பறவை பார்க்கப் போகட்டும் என்று ஒவ்வொரு பலகையாக இழைத்துப் போட்டான். போன மே மாதம் கடைசிக் கம்பங்களை நடுவதற்குப் படகில் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. படகு கிடைக்கவே இல்லை. மிச்சப் பலகைகளைத் தம்பிதான் அடித்து முடித்தான். எப்படிக் கவிழ்ந்தது என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "காத்து, அண்ணி. படகுல ஒரு குறையுமில்ல, நானே தட்டிப் பாத்து அனுப்பினது."

"சரி," என்றாள். "அன்னத்தைக் கலைச்ச வீடு விளங்காது, எனக்கும் தெரியும். மேடை வரைக்கும் வேண்டாம். வளைவுல நின்னு ஓதிட்டு வந்துடறேன்."

"வளைவும் வேண்டாம். இங்கேயே ஓதுங்க."

"ஏன்?"

"பலகை ஈரம். வழுக்கும்."

"உங்கண்ணன் போட்ட பலகையா வழுக்கும்? உன் நாக்குதான்டா வழுக்குது." அவளே அவன் இடுப்பிலிருந்து கொத்தை உருவினாள். "உன் மூக்கைத் துடைச்சு விட்ட கை இது. தள்ளு."

கதவைத் திறந்து அவள் நடந்தாள். அவன் தடுக்கவில்லை. பின்னாலேயே வந்தான்.

இரண்டு பக்கமும் போன வருஷத்து நாணல் மஞ்சளாய்ச் சாய்ந்திருக்க, அடியில் புதுப் பச்சை முளை விட்டிருந்தது. வளைவில் அவள் மண்டியிட்டு மூட்டையை அவிழ்த்தாள். ஐம்பதடி தள்ளி அன்னம் கழுத்தை உயர்த்திப் பார்த்தது. அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது கழுத்தைத் தாழ்த்திக்கொண்டது.

ஓதி முடித்து உள்ளங்கைகளால் முகத்தைத் துடைத்தாள். அவனும் துடைத்தான். ஒரு ரொட்டியைப் பிட்டு அவன் பக்கம் நீட்டியபோதுதான் கூட்டை நிதானமாகப் பார்த்தாள். மற்றக் கூடுகளைப் போலத் தண்ணீரோடு தண்ணீராக இல்லை அது. உயரத்தில் இருந்தது. நாணல் குவியலுக்குக் கீழே நீலம் தெரிந்தது. அவள் வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சியதைப் பெய்சென் தன் படகுக்கு அடித்த நீலம்.

கவிழ்ந்து கிடந்த படகின் அடிவயிற்றில் ஒரு தகர ஒட்டு. ஒரு ஓரத்து ஆணிகள் கழன்று தகரம் வாய் பிளந்திருந்தது; சிற்றலை ஒவ்வொன்றும் உள்ளே போய் வெளியே வந்தது. மேடையின் கடைசிப் பலகையிலிருந்து அது ஆறு தப்படித் தூரம்கூட இல்லை. அந்தப் பலகையை அடித்தவன் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது.

நீட்டிய ரொட்டியை அவன் வாங்கவில்லை. தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்னம் மிரளாத அளவுக்குத் தாழ்ந்த குரலில், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் அவன் பெயரைச் சொன்னாள்.

"தௌலெத், அந்தத் தகரத்தை அடிச்சது யாரு?"