லாக்கர் அண்ணன்

புளி கரைத்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வைதேகி போனைத் திறந்தாள். டெலிகிராம் அவளைப் பார்த்து, உங்கள் எண் என்ன என்று கேட்டது. மூன்று வருஷத்தில் அது அப்படிக் கேட்டதே இல்லை. கட்டின புருஷன் காலைக் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே "நீங்க யாரும்மா?" என்று விசாரித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எண்ணை அடித்தாள். அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், பார்த்துப் போடுங்கள் என்றது. அந்த சிம்முக்கு அவள் ரீசார்ஜ் செய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

கோயில் குளத்துக்கு எதிரே குடை போட்டு உட்கார்ந்திருந்தவனிடம் இலவசமாக வாங்கிய சிம் அது. முதல் ரீசார்ஜ் தீர்ந்த பிறகும் வீட்டு வைஃபையில் டெலிகிராம் ஜம்மென்று ஓடிற்று. ஓடுகிற வண்டியை எதற்குத் தள்ள வேண்டும் என்று விட்டுவிட்டாள். கத்தரிக்காய்க்கு மாட வீதி நாலையும் பிரதட்சணம் பண்ணி விலை கேட்டு, முதல் கடைக்கே திரும்பிவந்து, அங்கேயும் ஒரு ரூபாய் குறைத்து வாங்குகிறவள், யாரும் கூப்பிடாத சிம்முக்கு இருநூறு ரூபாய் அழுவாளா? அப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் எண்ணை எடுத்துக் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தன்னுடைய எண்ணுக்கும் அந்தக் கதி வரும் என்பதுதான் தெரியவில்லை. எந்த ஊர் யாரோ, புது சிம்மைப் போட்டு டெலிகிராமைத் திறந்திருக்கிறான். உள்ளே லாக்கர் அண்ணன் என்ற பெயரில் அவளுடைய கணக்கு பூட்டாமல் கிடந்திருக்கிறது, அவளை வெளியே தள்ளிவிட்டான். ரெண்டாவது பாஸ்வேர்டு போட்டுக்கங்கடா என்று தினமும் டெலிகிராம் குழுவில் தொண்டை வற்றக் கத்துகிறவர் அண்ணன்தான். அவர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. மறந்துவிடுமோ என்று பயம்.

லாக்கர் அண்ணனைத் தெரியாதவர்கள் அந்தக் குழுவில் கிடையாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஷார்ஜா வரைக்கும், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு விளையாடிப் பெருவிரல் தேய்ந்த ஜனங்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். வருஷக்கணக்காக விளையாடி வளர்த்த கணக்கை, அவர்கள் பாஷையில் ஐடியை, அதன் தங்கக் கவசத்தோடும் மயில்தோகை துப்பாக்கியோடும் விற்கிறவர்கள். அதை டாலருக்குச் சமம் என்று சொல்லப்படும் கிரிப்டோ காசு கொடுத்து வாங்குகிறவர்கள். விற்கிறவன் முதலில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் வாங்குகிறவன் ஓடிவிடுவான். வாங்குகிறவன் முதலில் காசை அனுப்பினால் விற்கிறவன் ஓடிவிடுவான். நடுவில் நின்று இரண்டையும் வாங்கிவைத்துக்கொண்டு கைமாற்றிவிட நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும். அவருக்குப் பெயர் மிடில்மேன், அவர் கூலிக்குப் பெயர் கமிஷன். டீல் முடிந்ததும் இரு தரப்பும் அவர் பெயருக்குக் கீழே 'லெஜிட்', அதாவது நம்பலாம், என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போக வேண்டும். லாக்கர் அண்ணன் பெயருக்குக் கீழே விழுந்திருந்த லெஜிட்டுகளை அச்சடித்துத் தொங்கவிட்டால் கபாலீஸ்வரர் கோபுரத்தின் உச்சியிலிருந்து தரைக்கு வந்து, குளத்துப் படியிலும் நாலு இறங்கும்.

வைதேகி லஸ்ஸில் ஒரு கூட்டுறவு வங்கியில் லாக்கர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு சாவி வாடிக்கையாளரிடம், ஒரு சாவி அவளிடம். இரண்டும் போட்டால்தான் கதவு திறக்கும். திறந்ததும் அவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். மயிலாப்பூரின் வைரத் தோடுகள் பாதி அவள் முதுகுக்குப் பின்னால்தான் வெளியே வந்து கல்யாணம் பார்த்துவிட்டு உள்ளே போயின. அவள் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்த பையன்களெல்லாம் மேனேஜராகி, மணி அடித்து, "மேடம், சாவி" என்றார்கள். வேறெதுவும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற வருஷம், போனில் ஏதோ விளையாட்டுக்கு வாங்கிய ஐடியில் ஒருத்தன் அவளை ஏமாற்ற, அவனைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று குழுவுக்குள் புகுந்தாள். இரும்பு லாக்கர் படம் ஒன்றை முகத்துக்குப் பதில் வைத்தாள். யாரோ இரண்டு பேர் அடித்துக்கொண்டபோது, ரெண்டு சாவியும் என்கிட்ட கொடுங்க என்று எழுதினாள். "அண்ணே, நீங்க வேற லெவல்ண்ணே" என்று பதில் வந்தது. திருத்தலாம் என்று நினைத்தாள். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் அவளே 'இன்னா நைனா' என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் போட்ட சட்டம் ஒன்றுண்டு. டீலுக்கு முன்னால் இரு தரப்பும் தங்கள் சொந்தக் குரலில் பெயர், ஊர், சரக்கு மூன்றையும் சொல்லி அனுப்ப வேண்டும். வாய்ஸ் இல்லன்னா டீல் இல்ல நைனா. ஆனால் அண்ணன் மட்டும் வாய் திறக்கமாட்டார். அதைப் பெரிய கெத்து என்று ஊரே கொண்டாடியது.

கூடத்தில் டி.வி.க்கு எதிரே அவள் கணவர் ராமசேஷன் உட்கார்ந்திருந்தார். அவள் போனில் ஸ்லோகம் கேட்கிறாள் என்பது இத்தனை நாளாக அவர் நம்பிக்கை.

"ஏன்னா, என் பேரை யாரோ திருடிண்டு போயிட்டான்."

"ஆதார்லயா, ரேஷன் கார்டுலயா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். பிறகு வெகுநேரம் சிரித்தார். பல்செட் கழன்று மடியில் விழாத குறை.

"நீ அண்ணனா? நன்னாருக்கு போ. போலீஸ்ல போய் என்னன்னு எழுதிக் கொடுப்பே? நான் அண்ணன், என்னைக் காணோம்னா?"

அவர் எண்ணில் புதுக் கணக்கு திறந்து, 'லாக்கர் அண்ணன் ஒரிஜினல்' என்று பெயர் வைத்துக் குழுவுக்குள் நுழைந்தாள். கண் சிமிட்டுவதற்குள் தூக்கி வெளியே போட்டார்கள். ஒரிஜினல் என்று பெயரில் போட்டுக்கொண்டு வருகிறவனை விசாரிக்காமல் தூக்கு என்பதும் அண்ணன் போட்ட சட்டம்தான். சொந்தப் பெயரில் மறுபடி போய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரலை அனுப்பினாள். "குழந்தைகளா, நான்தான் லாக்கர் அண்ணன். இப்போ உள்ளே இருக்கறவன் திருடன்." கூடத்து டி.வி., குக்கர் விசில், எல்லாம் சேர்ந்து போயிற்று. சாயங்காலத்துக்குள் அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ தப்பட்டை சேர்த்து, பாட்டாக்கி, உலகமெங்கும் விட்டுவிட்டார்கள். "மாமி, காபி ஆச்சா?" என்று முந்நூறு பேர் கேட்டார்கள். முந்நூற்றோராவது ஆளாக லாக்கர் அண்ணனும் வந்து சிரிக்கிற முகம் ஒன்று போட்டார். அந்த முகத்தை மட்டும் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தன் பெயர் போனதுகூட அப்புறம்தான். மறுநாள் காலையில் டில்லிபாபுவின் டீல் இருந்தது. ஊரூர் குப்பத்தில் மீன் பிடிக்கிறவன் டில்லிபாபு. மீன்பாடு இல்லாத நாளெல்லாம் படகு நிழலில் படுத்து விளையாடி, குழுவே வாயைப் பிளக்கும்படி ஒரு ஐடி சேர்த்திருந்தான். படகு இன்ஜின் செத்துப்போய்விட்டது. ஐடியை விற்று இன்ஜின் வாங்கப்போகிறான். வாங்குவதற்கு ஷார்ஜாக்காரன் ஒருவனைப் பிடித்து விலை பேசி நாள் குறித்தவள் வைதேகி. ஷார்ஜாக்காரன் அனுப்பும் காசை இப்போது வாங்கிக்கொள்ளப்போவது வேறு ஆள். டில்லிபாபுவின் பாஸ்வேர்டையும் அவனே வாங்கிக்கொள்வான். டில்லிபாபுவுக்குத் தனியாக எழுதி எச்சரித்தாள். முன்பின் தெரியாதவர் இன்பாக்ஸுக்கு வந்தால் பதில் சொல்லாமல் பிளாக் பண்ணு என்று அண்ணன் சொல்லியிருந்தார். டில்லிபாபு சொன்ன பேச்சு கேட்கிறவன். பிளாக் பண்ணினான்.

காலையில் லஸ் முனையில் ஆட்டோ பிடித்தாள். டிரைவர் கேட்ட தொகையை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதில், அவர் இந்தம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து, அடையாறு ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். குப்பத்துச் சந்துகளில் வலையையும் நாய்களையும் தாண்டி, கேட்டுக் கேட்டுக் கடற்கரைக்கு வந்தாள். இன்ஜின் இல்லாத ஃபைபர் படகு ஒன்றில் சாய்ந்துகொண்டு ஒருவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். குரல் வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நூறு வாய்ஸில் கேட்ட குரல்.

"இன்னாம்மா, மீனா? மீன் அந்தாண்ட கீது."

"டில்லிபாபு, நான்தான் லாக்கர் அண்ணன்."

அவன் அவளை மேலிருந்து கீழே பார்த்தான். மூக்குத்தி, கைப்பை, மணலில் புதைந்த செருப்பு. படகின் அந்தப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஜாஸ்மினைக் கூப்பிட்டான். "ஏ, இங்க வந்து பாரேன். காபி மாமி நேர்லயே வந்துட்டாங்க!"

"இன்னா நைனா, வாய்ஸ் இல்லன்னா டீல் இல்ல" என்றாள் வைதேகி. வாயால் சொன்னபோது அது அவளுக்கே வேறு யாரோ சொன்னது போல இருந்தது. நைனாவில் கொஞ்சம் மாட வீதி ஒட்டியிருந்தது.

டில்லிபாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் டயலாக்குமா அது. என் பொண்ணு யூ.கே.ஜி., அதுகூட சொல்லும்."

"போன மழையில புயல்னு உங்களைக் கடலுக்கு விடலை. நாலு நாள் அடுப்பு எரியலைன்னு, ஒரு சின்ன ஐடியை வித்தப்போ எனக்கு மட்டும் சொன்னேள். கமிஷன் வேணாம், பொண்ணுக்கு ஸ்வெட்டர் வாங்கு நைனான்னு எழுதினேன்."

சிரிப்பு நின்றது. ஜாஸ்மின் வலையைக் கீழே வைத்தாள். "ஸ்வெட்டருக்கு அண்ணன் காசு வுட்டுக்குடுத்தத நீ எங்கிட்டகூட சொல்லலியேய்யா" என்றாள் புருஷனைப் பார்த்து. டில்லிபாபு போனை எடுத்தான். பெருவிரல் தயங்கியது. அண்ணே, போன மழைல எனக்கு இன்னா சொன்னே, என்று எழுதினான். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். லாக்கர் அண்ணன் பார்த்துவிட்டார். சற்று நேரம் ஒன்றுமில்லை. வைதேகிக்கு மூச்சு வந்தது.

கமிஷன் வேணாம். பொண்ணுக்கு ஸ்வெட்டர் வாங்கு நைனா.

ஒரு எழுத்து பிசகாமல் வந்து விழுந்தது. பழைய செய்தியெல்லாம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மேலே தள்ளிப் பார்த்திருக்கிறான். அவள் எழுதியது அத்தனையும் அவனிடம் இருந்தது. எழுதியவள் வெறுங்கையோடு மணலில் நின்றாள்.

"மேல தள்ளிப் பார்த்து எழுதறான், டில்லிபாபு. அத்தனையும் நான் எழுதினதுதான். அவனை வாய்ஸ் போடச் சொல்லுங்கோ."

"அண்ணன் எப்பம்மா வாய்ஸ் போட்டுக்கீறாரு?"

டில்லிபாபுவின் முகத்தில் ஏதோ தெளிந்தது. குரல் இறங்கிற்று. "அம்மா, நீ அண்ணனோட அம்மாவா? அண்ணன் போனை எடுத்துப் படிச்சிட்டியா? இந்த வேலையே வேணாம்னு சொல்லத்தான வந்துக்கீறே?" அவள் இல்லை என்று தலையாட்டுவதற்குள் அதையே அண்ணனுக்கு எழுதி அனுப்பிவிட்டான். இந்த முறை பதில் தாமதிக்கவில்லை.

ஆமா நைனா. அம்மாதான். கொஞ்ச நாளா மனசு சரியில்ல. பத்திரமா ஆட்டோ ஏத்திவிடு. வாய்ஸ் போடு, டீல் முடிக்கலாம்.

வைதேகி போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். அது கை நழுவி மணலில் விழுந்தது. டில்லிபாபு கோபப்படவில்லை. எடுத்து, ஊதி, சட்டையில் துடைத்தான். ஜாஸ்மின் அவள் இரண்டு தோள்களையும் பிடித்து, குழந்தையை உட்காரவைப்பது போலக் கவிழ்த்த கூடை மேல் உட்காரவைத்தாள். "உக்காரும்மா. ஒண்ணியும் இல்ல. எங்க மாமியாருக்கும் இப்படித்தான் வந்துச்சி." அவள் கையில் மீன் வாடையும் ஐஸின் சில்லிப்பும் இருந்தன. பிடி இரும்பாக இருந்தது.

"என் பேரு டில்லிபாபு. ஊரூர் குப்பம்" என்று அவன் போனுக்குள் சொன்னான். அலைச் சத்தத்துக்காகக் கொஞ்சம் உரக்கவே சொன்னான். "ஆறு வருசமா ஆடுன ஐடி. தங்கக் கவசம் கீது, மயில் துப்பாக்கி கீது. முழு மனசோட குடுக்கறேன்." சட்டம் ஒன்றுகூட மீறாமல் சொன்னான். வைதேகி பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். பாஸ்வேர்டை அடிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஜாஸ்மின் ஐஸ் பெட்டியிலிருந்து கனமான பை ஒன்றை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள். "வஞ்சிரம். ஒருநாள் வருவாரு, வருவாருன்னு அண்ணனுக்குன்னே எடுத்து வெச்சிக்கினு கீறாரு இவரு. நீயே எடுத்துனு போம்மா, வறுத்துக் குடு அண்ணனுக்கு." பூண்டு வாசம்கூடப் பிடிக்காத வைதேகி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் உருகிப் புடவை நனைந்தது.

"இப்ப வந்துரும் காசு" என்றான் டில்லிபாபு. அவளுக்கும் தெரியட்டும் என்று போனைச் சாய்த்துப் பிடித்தான். லெஜிட் என்ற வார்த்தையை முன்கூட்டியே அடித்துத் தயாராக வைத்திருந்தான். அதற்கு மேலே, லாக்கர் அண்ணன் டைப் செய்கிறார் என்று வந்தது. மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின. மீன் பையின் ஈரத்தின் மேல் வைதேகியின் பெருவிரல் மட்டும், டைப் செய்வது போல, தானாக அசைந்துகொண்டிருந்தது.