ரேந்தைப் பைக்குள் ஒரு கை

மாத்தளைக்குப் போகும் பஸ்ஸை இராணுவச் சாவடியில் நிறுத்தினால், எல்லோரும் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும். இலங்கையில் போர் நடந்த தொண்ணூற்றெட்டில் அது பல் தேய்ப்பதுபோல அன்றாட வேலை. பலாபத்வலயிலிருந்து தையல் கடைக்கு வேலைக்குப் போகிற எனக்கு, அங்கிருந்த சிப்பாய் கையை விட்டுத் துழாவுவதுதான் பொறுக்கவில்லை. சோற்றுப் பார்சலைப் பிசைவான். மாதவிலக்குத் துணியை விரித்துப் பார்ப்பான். ஒருநாள், அடித் தையலுக்குள் ஏதோ இருக்கிறதென்று பிளேடால் பையையே கிழித்துப்போட்டான். ஒரு வார்த்தை வருத்தம் சொன்னானா? மூச்!

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மாதா கோயில் பீடத் துணிகளைத் துவைத்து மடிப்பது என் பொறுப்பு. அதில் ஒன்றின் ஓரத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கன்னியாஸ்திரிகள் பின்னிய ரேந்தை, லேஸ் பின்னல், இருக்கிறது. நூலைவிட ஓட்டைதான் அதிகம். அதைப் பார்த்துப் பார்த்து, பிழை விட்ட இடமெல்லாம் பிரித்து மறுபடி போட்டு, இரண்டு பின்னல் ஊசியால் தடித்த வெள்ளை நூலில் ஒரு பை பின்னினேன்.

"ஏன்டி மார்கிரட், கொசு வலைக்குப் பிடி வெச்சிருக்கியா?" என்றாள் கூட வேலை செய்யும் மஸீனா.

"பாக்கணும்னா கண்ணால பாக்கட்டும். கை எதுக்கு?" என்றேன்.

சாவடியில் பையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். குடை, சோற்றுப் பார்சல், மாதவிலக்குத் துணி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கூச வேண்டியவள் நானில்லையே. அவன்தான் முகத்தைத் திருப்பினான். ஆனாலும் வீம்புக்குக் கையை உள்ளே விட்டான். கைக்கடிகாரப் பட்டி ரேந்தையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் சிக்கியது. மறு கையால் சட்டைப் பையில் பிளேடைத் தேடினான்.

நான் பிடியை விடவில்லை. "வெட்டாதீங்க மாத்தயா. ஒவ்வொரு இழையா மெதுவாக் கழட்டுங்க. நான் நிக்கிறேன்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

பஸ் காத்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. கூட வந்த மஸீனா முந்தானைக்குள் சிரித்தாள். மற்றச் சிப்பாய்களும் தூரத்தில் நின்று கேலி செய்தார்கள். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, வியர்த்து வழிந்தான். எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. இருந்தும் உதவவில்லை. கடைசி இழைவரை அவனே கழட்டிக் கையை எடுத்தான்.

மறுநாள் அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வெளியிலிருந்தே பையைப் பார்த்தான். போகலாம் என்றான்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவன் தலையாட்டும்வரை நான் பையை இறக்கவில்லை.